ஆறு மணித் திசையில் ஒரு குரல்

இன்ஜின் ஓடத் தொடங்கிவிட்டது என்பதற்காக எஃப்-16 போர் விமானம் கிளம்பிவிட முடியாது. தான் எங்கே நிற்கிறது, எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறது என்பதை அதன் வழிகாட்டுக் கருவி பூமியின் சுழற்சியை உணர்ந்து கணக்கிட்டு முடிக்க ஏறக்குறைய எட்டு நிமிடம் ஆகும். அதுவரை விமானத்தை நகர்த்தக் கூடாது. 1998இல் வெளிவந்த ‘ஃபால்கன் 4.0’ என்ற கணினி விளையாட்டை ரசிகர்கள் திருத்தித் திருத்தி இன்றும் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். அதிலும் இந்த எட்டு நிமிடம் அப்படியே உண்டு. வேண்டாம் என்றால் தவிர்க்கலாம். ஓடுபாதையின் முனையில் தயாராக நிற்கும் விமானத்திலிருந்தே ஆட்டத்தைத் தொடங்க வசதி இருக்கிறது. ஆனாலும் குழுவாகப் பறப்பவர்களில் கணிசமானோர் தென்கொரியாவின் குன்சான் தளத்தில் இன்ஜினை ஓடவிட்டுக் காத்திருப்பதையே விரும்புகிறார்கள். அந்த நேரத்தில் செய்வதற்கு வேறு வேலை இல்லை, பேசலாம். முழங்கால் வலி, மகளின் கல்லூரிச் செலவு, புது கிராபிக்ஸ் கார்டு செய்யும் தகராறு, போன வாரம் குறி தப்பிய ஏவுகணை எல்லாம் அதற்குள் வந்து போகும்.

பழைய வான்போர் சிமுலேட்டர்களின் ரசிகர்களிடையே உள்ள நெருக்கத்துக்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம், இளமை நினைவு. அது பொய்யில்லை, போதாது. பழைய விளையாட்டு எதற்கும் அந்த ஏக்கம் உண்டு, பாக்-மேனுக்கும் உண்டு. ஆனால் பாக்-மேன் ரசிகர்கள் வாரத்தில் ஒரு மாலையை ஒதுக்கி, ஆண்டுக்கணக்கில் அதே நாலு பேரோடு கூடி, ஆடி முடித்த பிறகும் உட்கார்ந்து அதை அலசிக்கொண்டிருப்பதில்லை. இந்தக் கூட்டத்தைச் சேர்த்து வைத்தவை அந்த விளையாட்டுகளின் குறைகள் என்பதே என் கருத்து. முதுகுப்புறத்தைப் பார்க்க முடியாத திரை, படித்து மாளாத கையேடு, அரைகுறையாக விற்கப்பட்ட மென்பொருள். மூன்றையும் தனியாளாகச் சமாளிக்க முடியாது. இன்னொருவரிடம் வாய்திறந்து கேட்டே ஆக வேண்டும்.

முதுகுப்புறத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். வான்சண்டை தோன்றிய நாளிலிருந்தே அதன் மையச் சிக்கல் இதுதான். விமானிகளின் பேச்சில் திசைகளுக்குக் கடிகார முள்தான் அளவு. நேரே பின்னால் என்றால் ஆறு மணி. முதல் உலகப்போரில் ஜெர்மானிய விமானி ஓஸ்வால்ட் பொயல்கே 1916இல் சண்டை விதிகளைத் தொகுத்தார். எதிரியைப் பின்னாலிருந்து தாக்கு என்பது அவற்றில் ஒன்று. ஒரே எதிரியை நம்மவர் இருவர் துரத்தக் கூடாது என்பது இன்னொன்று. அதே ஆண்டு அக்டோபர் 28 அன்று, சண்டையின் நடுவே தன் அணியைச் சேர்ந்த விமானத்துடனேயே உரசி விழுந்து அவர் இறந்தார். ஸ்பானிய உள்நாட்டுப் போரில் வெர்னர் மோல்டர்ஸ் இரண்டிரண்டாகப் பறக்கும் முறையைப் பக்குவப்படுத்தினார். ஜப்பானின் ஸீரோ விமானத்தைச் சமாளிக்க அமெரிக்கக் கடற்படையின் ஜான் தாச், இரு விமானங்கள் ஒன்றையொன்று குறுக்காகக் கடந்து ஒன்றின் வாலை மற்றொன்று காக்கும் உத்தியை வகுத்தார். 1942இல் அது போரில் பயன்பட்டது. உத்திகள் வேறுவேறு. எல்லாவற்றிலும் இருந்த கவலை ஒன்றுதான்: என் பின்னால் யார்?

உண்மை விமானிக்காவது கழுத்து இருந்தது. 1990களின் வீட்டுக் கணினியில் பதினான்கு அங்குலத் திரைதான் உலகம். இடப்பக்கம் பார்க்க ஒரு விசை, வலப்பக்கம் பார்க்க ஒரு விசை, பின்னால் பார்க்க இன்னொன்று. பின்னால் பார்க்கும் கணத்தில் முன்னால் இருப்பது மறைந்துவிடும். எதிரியின் மீதே பார்வையைப் பூட்டி வைக்கும் ஏற்பாடும் சில ஆட்டங்களில் வந்தது. அதை நம்பியவர்கள் எதிரியைத் தெளிவாகப் பார்த்தபடியே தரையில் மோதினார்கள். தன் விமானம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது அந்தக் காட்சியில் பிடிபடாது. ஆக, நிஜப் போரைவிடத் திரைப்போரில்தான் துணை விமானி, அதாவது விங்மேன், அதிகம் தேவைப்பட்டார். கணினியே இயக்கும் விங்மேன்கள் இருந்தார்கள்தான். மலையில் மோதுவதிலும் நம் எரிபொருள் தீரும் நேரத்தில் காணாமல் போவதிலும் அவர்கள் வல்லவர்கள். மனிதத் துணை தேவை என்பதை அவர்களைவிட நன்றாக யாரும் கற்பித்திருக்க முடியாது.

அந்த மனிதத் துணையை முதலில் பெரிய அளவில் சாத்தியமாக்கியது ‘ஏர் வாரியர்’. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் படித்த கெல்டன் ஃப்ளின், ஜான் டெய்லர் இருவரும் தொடங்கிய கெஸ்மாய் நிறுவனம் அதை ஜெனரல் எலெக்ட்ரிக்கின் ஜீனி என்ற தொலைபேசிவழிக் கணினிச் சேவையில் 1988இல் கொண்டுவந்தது. வைய விரிவு வலை பிறக்காத காலம். விமானத்தையும் வானத்தையும் வரைவது வீட்டுக் கணினியின் வேலை; யார் எங்கே இருக்கிறார் என்ற எண்கள் மட்டும் மோடம் வழியாக வந்துபோயின. அவை தாமதமாக வந்தால் எதிரி விமானம் ஓரிடத்தில் மறைந்து வேறிடத்தில் முளைக்கும். பாய்ந்து திரும்பிச் சுட்டால் அங்கே யாரும் இருக்கமாட்டார்கள். இத்தனைக்கும் மணிக்கணக்கில் கட்டணம். மாதக் கட்டணச் சீட்டு வரும் நாளில் குடும்பத்தில் மூண்ட சண்டைகளுக்கு ஆவணம் இல்லை, ஆனால் ஊகிக்கலாம்.

ஏர் வாரியரில் வரலாற்றுத் தரப்புகள் கிடையாது. ஏ, பி, சி என்று மூன்று கற்பனை நாடுகள். பிரிட்டனின் ஸ்பிட்ஃபயரும் ஜெர்மனியின் மெஸ்ஸர்ஷ்மிட்டும் ஒரே கொடியின் கீழ்ப் பறக்கலாம். வானொலி என்றால் குரல் இல்லை, தட்டச்சு. ஜாய்ஸ்டிக்கை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறுகையால் எழுத வேண்டும். நாலு சொல் எழுதினால் உயிர் போகும். ஆகவே எல்லாம் சுருங்கியது. எண்ணும் எழுத்துமாக நண்பனின் பெயர்ச் சுருக்கம், திசை, உயரம், அவ்வளவே. சுருங்கியவற்றில் என்னை அதிகம் யோசிக்க வைப்பது வணக்கம். விமானம் சுடப்பட்டு விழுந்த பிறகு, தோற்றவர் தன்னைச் சுட்டவருக்கு ‘எஸ்’ என்ற ஒற்றை ஆங்கில எழுத்தை, சுற்றிலும் ஏதாவது ஒரு குறியோடு, அனுப்புவார். சல்யூட் என்பதன் சுருக்கம். சுட்டவர் அதையே திருப்பி அனுப்புவார். இந்த வழக்கம் பின்வந்த ஆட்டங்களுக்கும் பரவி, ரஷ்யாவில் உருவான ‘ஐஎல்-2 ஸ்டுர்மோவிக்’ ஆட்டத்தில் எழுத்துக்குப் பின் ஓர் ஆச்சரியக்குறியாக நிலைத்தது.

இதை வெறும் நாகரிகம் என்று கடந்துவிட மனம் வரவில்லை. வெடித்தும் விழுந்தும் முடிகிற ஐந்து நிமிடச் சண்டையில் ஒருவர் செய்த நல்ல திருப்பத்தை முழுமையாக அறிந்தவர் உலகில் ஒரே ஒருவர்தான்; அவரைச் சுட முயன்றவர். நண்பர்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பாராட்டத் தகுதியுள்ள ஒரே ரசிகன் எதிரிதான் என்ற நிலையில், எதிரியோடு ஒரு சொல்லாவது பேசாமல் இருக்க முடியாது. முகம் தெரியாத இடங்களில் மனிதர்கள் ஒருவரையொருவர் ஏசிக்கொள்வது இயல்பு. இங்கேயும் ஏச்சு இருந்தது, வேண்டிய அளவு இருந்தது. அதன் நடுவே இந்த ஒற்றை எழுத்து நிலைத்ததற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

1999இல் கெஸ்மாயை எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் வாங்கியது. 2001இன் இறுதியில் ஏர் வாரியர் மூடப்பட்டது. ஆட்டத்தின் உயிர் நிறுவனத்தின் சர்வரில் இருந்ததால், வீட்டில் வைத்திருந்த வட்டுகளால் பயனில்லை. ஆனால் ஸ்குவாட்ரன்கள், அதாவது ஆட்டக்காரர்கள் அமைத்திருந்த அணிகள், கலையவில்லை. ஏர் வாரியரில் பறந்து பழகிய சிலரே சேர்ந்து உருவாக்கிய ‘வார்பேர்ட்ஸ்’ 1995இலேயே வந்திருந்தது. அதிலிருந்து பிரிந்தவர்கள் டெக்சாஸில் ‘ஏசஸ் ஹை’ ஆட்டத்தை 2000இல் தொடங்கினார்கள். பெயர், சின்னம், பட்டப்பெயர்கள், உள்பகை எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு அணிகள் புதிய வானங்களுக்குக் குடிபெயர்ந்தன. ஒரு விளையாட்டின் ரசிகர் மன்றம் அந்த விளையாட்டைவிட அதிக நாள் வாழ்ந்ததற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

குரல் வந்தபோது பேச்சின் தன்மை மாறியது. நூற்றாண்டின் திருப்பத்தில் ரோஜர் வில்கோ, அதையடுத்து டீம்ஸ்பீக் போன்ற மென்பொருள்கள் பரவின. தட்டச்சு போனதால் பேச்சு பெருகியிருக்க வேண்டும். கண்டிப்பான அணிகளிலோ சண்டைநேரப் பேச்சு இன்னும் குறைந்தது. அமெரிக்க விமானப்படையின் சுருக்கச் சொற்களை அவர்கள் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். நண்பனின் விமானம் கண்ணில் பட்டால் ‘விஷுவல்’. எதிரி கண்ணில் பட்டால் ‘டேலி’. இரண்டுக்கும் ‘பார்த்துவிட்டேன்’ என்றே சொன்னால் யாரை என்று கேட்பதற்குள் காரியம் கெட்டுவிடும். திரும்பிப் போகப் போதுமான எரிபொருளே மிச்சம் என்றால் ‘பிங்கோ’. ஃபால்கனின் ரசிகர் வடிவத்தில் இரண்டு வானொலிகள் உண்டு. கோபுரத்தோடு ஒன்றில், தன் அணியோடு மற்றொன்றில். அலைவரிசையைத் தவறாக வைத்திருப்பவர் பாவம், காற்றோடு பேசிக்கொண்டிருப்பார். அவர் முதுகில் ஏவுகணை வருவதை மற்றவர்கள் கத்திச் சொன்னாலும் அவருக்கு எட்டாது.

அடக்கி வைத்த பேச்சு தரையிறங்கியதும் கொட்டும். ஃபால்கனில் பறப்பைப் பதிவுசெய்து பிறகு எல்லாக் கோணத்திலும் ஓட்டிப் பார்க்கும் கருவி உண்டு. ஐஎல்-2வும் ஆட்டத்தைப் பதிவு செய்யும். நான்கு பேரும் தங்கள் தங்கள் வீட்டில் அதே பதிவை ஓடவிட்டு, ‘இந்த இடத்தில் நிறுத்து, நீ ஏன் இடதுபக்கம் வெட்டித் திரும்பினாய்?’ என்று அலசுவார்கள். விமானப்படை வழக்கத்தைப் பின்பற்றும் அணிகளில் தலைவர் தன் பிழைகளிலிருந்து தொடங்குவார். வயதும் உத்தியோகமும் அங்கே செல்லாது. ஓய்வுபெற்ற பொறியாளரை இருபது வயது மாணவர் ‘நீங்கள் ரேடாரைக் கீழ்நோக்கித் திருப்பியிருக்க வேண்டும்’ என்று திருத்தலாம், திருத்துகிறார். பறப்பைவிட இந்த அலசலுக்காகவே வருகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதை நான் முழுமையாக நம்புகிறேன்.

கையேட்டின் கதை தனி. அக்கால ஆட்டங்கள் பலவற்றில் கையேட்டின் குறிப்பிட்ட பக்கத்தைப் புரட்டிப் பதில் சொன்னால்தான் ஆட்டமே தொடங்கும். லாரன்ஸ் ஹாலண்ட் லூகாஸ்ஃபில்மின் விளையாட்டுப் பிரிவில் உருவாக்கிய ‘சீக்ரெட் வெப்பன்ஸ் ஆஃப் தி லுஃப்ட்வாஃபே’ (1991) பெட்டியில் வந்த கையேடு ஒரு வரலாற்று நூலின் பருமன். ஃபால்கன் 4.0 கையேடு வளையக் கோப்பில் தொகுத்த ஐந்நூறுக்கும் மேற்பட்ட பக்கங்கள். முந்தைய ஃபால்கனுக்கு ஆலோசகராக இருந்த எஃப்-16 விமானி பீட் பொனன்னி, வான்சண்டையைச் சாதாரணர்களுக்குக் கற்பிக்கத் தனியாக ஒரு புத்தகமும் எழுதினார். இத்தனை இருந்தும் படித்தால் வராது. யாராவது பக்கத்தில் இருந்து சொல்லித்தர வேண்டும். இன்று அந்த டாஸ் காலத்து ஆட்டங்களை ஓட்ட டாஸ்பாக்ஸ் என்ற இடைநிலை மென்பொருள் தேவை. பழைய கணினியின் வேகத்தை ஓர் எண்ணால் அதற்குச் சொல்ல வேண்டும். குறைத்தால் விமானம் தத்தித் தத்திப் போகும், கூட்டினால் பறந்தோடிவிடும். குக்கருக்கு எத்தனை விசில் என்று பக்கத்து வீட்டில் கேட்பது போல ‘உங்களுக்கு என்ன எண்?’ என்று கேட்பதில் தொடங்கிய பழக்கங்கள் பல.

அரைகுறை மென்பொருள் என்ற மூன்றாவது குறைக்கு ஃபால்கன் 4.0தான் இலக்கணம். கில்மன் லூயியின் தலைமையில் ஸ்பெக்ட்ரம் ஹோலோபைட் பல ஆண்டுகள் உழைத்து உருவாக்கிய அது, மைக்ரோப்ரோஸ் பெயரில் 1998 டிசம்பரில் விற்பனைக்கு வந்தது. (லூயி அடுத்த ஆண்டே அமெரிக்க உளவுத்துறைக்காகத் தொடங்கப்பட்ட இன்-க்யூ-டெல் முதலீட்டு நிறுவனத்தின் தலைவராகப் போனார், கொரியப் போரைக் கணினியில் நடத்தியவருக்குப் பொருத்தமான அடுத்த வேலைதான்.) ஆட்டத்தின் பெருமை, தானாக இயங்கும் போர். கொரியத் தீபகற்பம் முழுக்கப் படைகள் நீங்கள் பார்க்காவிட்டாலும் நகரும், மோதும், அழியும். உங்களைச் சுற்றி ஒரு வட்டத்துக்குள் இருப்பவை மட்டும் நுணுக்கமாகக் கணிக்கப்படும். வட்டத்துக்கு வெளியே நடப்பது தோராயக் கணக்கு. அக்காலக் கணினிக்கு இது பேராசை. ஆட்டம் பிழைகளோடு வந்து, அடிக்கடி அறுந்து விழுந்தது. திருத்தங்கள் வந்துகொண்டிருக்கும்போதே, மைக்ரோப்ரோஸை வாங்கியிருந்த ஹாஸ்ப்ரோ 1999 இறுதியில் அதை உருவாக்கிய அலமீடா அலுவலகத்தை மூடிவிட்டது.

நான்கு மாதம் கழித்து, 2000 ஏப்ரலில், அதன் மூல நிரல் இணையத்தில் கசிந்தது.

சட்டப்படி அது திருட்டுச் சொத்து. ஆனால் ரசிகர்கள் கையில் கிடைத்தது, பழுதான ஆனால் மகத்தான ஓர் இயந்திரம். வெவ்வேறு குழுக்கள் பிரித்து மேய்ந்தன. ஒரு குழு ஏவுகணையின் பறக்கும் தூரத்தைச் சரிசெய்தது, இன்னொன்று வானிலையை, மற்றொன்று விமானி அறையை. குழுக்களுக்குள் மனக்கசப்பு வந்தது. யார் வரியை யார் எடுத்தார் என்ற சண்டையில் நண்பர்கள் பிரிந்தார்கள். 2005இல் லீட் பர்சூட் என்ற சிறு நிறுவனம் உரிமம் பெற்று முறையான பதிப்பு ஒன்றையும் விற்றது. கடைசியில் நிலைத்தது பெஞ்ச்மார்க் சிம்ஸ் குழுவின் இலவச வடிவம். 2011 முதல் பெரிய பெரிய திருத்தங்களாக வந்துகொண்டிருக்கிறது. அதை நிறுவ ஒரு நிபந்தனை உண்டு: 1998இன் அசல் ஆட்டம் உங்கள் கணினியில் இருந்தாக வேண்டும். கால் நூற்றாண்டு பழைய ஆட்டத்தை ஆட்கள் இன்னும் காசு கொடுத்து வாங்க இதுவே காரணம். 2023இல் மைக்ரோப்ரோஸ் பெயரின் புதிய உரிமையாளர்கள் ஃபால்கனின் உரிமையையும் தம் வசமாக்கினார்கள். மூடிவிட்டுப் போனவர்கள் விட்டுவைத்த பொருளுக்கு விலை இருந்ததென்றால், சம்பளமில்லாமல் அதைப் பழுதுபார்த்தவர்களால்தான்.

எல்லா உடைப்பும் நட்பில் முடிவதில்லை. ஒலெக் மேடாக்ஸின் குழு உருவாக்கி 2001இல் வந்த ஐஎல்-2, 2006இல் ‘1946’ என்ற தொகுப்பாக இருநூற்றுக்கும் மேற்பட்ட விமானங்களோடு முழுமை பெற்றது. பல ஆண்டுகள் அதன் கோப்புகளை யாராலும் திறக்க முடியவில்லை. ஆகவே எதிராளி ஏமாற்றுகிறாரா என்ற கேள்வி பெரிதாக எழவில்லை. 2007இல் பூட்டு உடைந்தது. புதிய விமானங்கள், புதிய ஒலிகள் வந்தன. கூடவே சந்தேகமும் வந்தது. ஒருவர் அதிசயமாகச் சுட்டால் முன்பு வணக்கம் வைத்தார்கள், இப்போது விசாரித்தார்கள். மாற்றம் செய்த ஆட்டம், செய்யாத ஆட்டம் என்று கூட்டம் இரண்டானது. டீம் டைடலஸ் என்ற தன்னார்வக் குழு, படைப்பாளிகளின் இசைவோடு அதிகாரபூர்வத் திருத்தங்களை வெளியிட்டுக் காயத்தை ஓரளவு ஆற்றியது.

முதல் உலகப்போர் ஆட்டங்களின் ரசிகர்கள் வேறொரு வழக்கத்தை வளர்த்தார்கள். டைனமிக்ஸ் நிறுவனத்தில் டேமன் ஸ்லை உருவாக்கிய ‘ரெட் பேரன்’ (1990) தொடங்கி அதன் வாரிசுகள் வரை, ‘செத்தால் செத்ததுதான்’ என்ற விதியைத் தாமாகவே விதித்துக்கொண்டார்கள். கற்பனை விமானி விழுந்துவிட்டால் அவன் கோப்பை அழித்துவிட வேண்டும். பழைய சேமிப்பிலிருந்து எழுப்பக் கூடாது. சிலர் அந்த விமானியின் பெயரில் நாட்குறிப்பு எழுதி நண்பர்களுக்கு அனுப்புவார்கள். மழையால் பறக்காத நாள், விடுதியில் குடித்தது, புதிதாக வந்த பையன் மூன்றாம் நாளே திரும்பாதது என்று நீளும். கடைசிக் குறிப்பை இறந்தவனின் படைத்தலைவர் எழுதுவதாக இன்னொரு நண்பர் முடித்து வைப்பார். இலக்கியத் தரம் ஏற்ற இறக்கம்தான். ஆனாலும், அன்றைய விமானிகளின் வாழ்நாள் எவ்வளவு குறுகியது என்பதைப் பாடநூலைவிட இது ஆழமாக உணர்த்தும்.

இந்தக் கூட்டத்தின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப்போர் ஆட்டங்களில் ஜெர்மானிய விமானங்களை விரும்பும் அணிகளுக்குக் குறைவில்லை. விமானத்தின் அழகையும் அதை ஏவிய ஆட்சியையும் பிரித்துப் பார்க்க முடியும் என்று பெரும்பாலோர் சொல்வார்கள். ஜெர்மனியில் கணினி விளையாட்டுகளில் ஸ்வஸ்திகா காட்டுவதற்கு 2018 வரை நடைமுறையில் இடமில்லை. தயாரிப்பாளர்கள் வெறும் சிலுவையோடு விட, ரசிகர்களில் சிலர் ஸ்வஸ்திகாவை வால்பகுதியில் வரைந்து சேர்த்தார்கள். வரலாற்றுத் துல்லியம் என்பது அவர்கள் வாதம். குண்டு விழுந்த ஊர்களைப் பற்றி அதே துல்லியத்தோடு அலசும் அணியைப் பார்ப்பது அரிது. பெண்களும் அரிது. ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டு நிற்கும் ஆண்களின் உலகமாகவே இது வளர்ந்தது. ஒரு பெண்குரல் வானொலியில் கேட்டால் ஒரு கணம் மௌனம் விழும் அளவுக்கு.

இன்று தலையசைவைப் பின்தொடரும் கருவிகளும் முகத்தில் மாட்டும் திரைகளும் வந்துவிட்டதால் கழுத்தைத் திருப்பினால் பின்புறம் தெரிகிறது. கையேட்டுக்குப் பதில் காணொளிகள் இருக்கின்றன. திருத்தங்கள் தாமாகவே இறங்கிக்கொள்கின்றன. குறைகள் தீரத் தீர, முன்பின் தெரியாதவரிடம் கேட்டே ஆக வேண்டிய கட்டாயம் குறைகிறது. புது சிமுலேட்டர்களிலும் நல்ல அணிகள் உண்டு. அவை விரும்பிச் சேர்ந்தவை, வேறு வழியில்லாமல் சேர்ந்தவையல்ல.

இந்தக் கூட்டத்தின் வரலாற்றை எழுத வரும் ஆய்வாளருக்கு ஒரு நடைமுறைச் சிக்கல் இருக்கிறது. பெட்டிகள், வட்டுகள், கையேடுகள் சேகரிக்கப்படுகின்றன. ஃபால்கனின் நிரல் தப்பிவிட்டது. சண்டைப் பதிவுகளும் ஓரளவு கிடைக்கும்; அவற்றில் விமானங்கள் திரும்புவது தெரியும், யார் என்ன சொன்னதால் திரும்பின என்பது பெரும்பாலும் தெரியாது. ஏர் வாரியரின் தட்டச்சு வானொலியில் ஓடிய பேச்சும், டீம்ஸ்பீக் அறைகளில் நள்ளிரவு தாண்டி நடந்த அலசல்களும் யாரும் பிடித்து வைக்காமல் போயின. அவற்றை நினைவிலிருந்து சொல்லக்கூடியவர்களில் பலர் இப்போது அறுபதைத் தாண்டியவர்கள். வாய்மொழி வரலாறு சேகரிப்பவர்கள் அவர்களிடம் எந்த விமானம் பிடிக்கும் என்று கேட்பதை விட்டுவிட்டு, மாதக் கட்டணத்தை வீட்டில் எப்படிச் சமாளித்தீர்கள், யாரோடு பேச்சு முறிந்தது, பட்டப்பெயரால் மட்டுமே தெரிந்த ஒருவர் ஒரு வாரம் வராதபோது எங்கே தொலைபேசி செய்து விசாரித்தீர்கள் என்று கேட்கத் தொடங்கலாம்.